என் தங்கைக்கு எதுவும் தெரியாது

மூன்று நாளாக அந்த அம்மாள் ரெனாத்தாவின் தேநீர்க் கடைக்கு வந்துகொண்டிருந்தாள். ஏரியைப் பார்த்த ஜன்னலோர மேஜை, ஒரு தேநீர், ஒரு துண்டு ராஸ்பெர்ரி கேக். கேக்கில் பாதியை வைத்துவிட்டுப் போவாள். தன் கேக்கை யாரும் மிச்சம் வைத்ததில்லை என்பதால் ரெனாத்தாவுக்கு அது உறுத்தியது. மூன்றாம் நாள் கேட்டே விட்டாள்.

"இனிப்பு ஜாஸ்தியா இருக்கா?"

"இல்லம்மா. உங்ககிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. அதான் தொண்டையில இறங்க மாட்டேங்குது. என் பேரு பெர்லா திஷ்மான். கோர்தோபாவுல டீச்சரா இருந்தேன். ஆல்பெர்த்தோ மோசர் உங்க அப்பாதானே?"

"ஆமா. போயி ஆறு வருஷமாச்சு. அவர்கிட்ட பனிச்சறுக்கு கத்துக்கிட்டீங்களா?"

"அவரோட நிஜப் பேரு லேயோபோல்ட் கிராட்னர். யுத்தத்துல, நாப்பத்திரண்டாம் வருஷம், ஜெர்மன் படையோட போலந்துல, எங்கம்மா பொறந்த ஊர்ல இருந்தாரு. எங்கம்மா மட்டும் முன்னாடியே இந்த நாட்டுக்கு வந்துட்டாங்க. வீட்டுல மீதி பதினோரு பேர். ஒருத்தர்கூட மிஞ்சல."

யுத்தத்துக்குப் பின் கப்பலேறி வந்த ஜெர்மன்காரர்கள் நிறைந்த பரிலோச்சேயில் இந்த மாதிரிப் பேச்சு புதிதல்ல. எந்தக் கிழவர் எங்கிருந்து வந்தார் என்று ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை, கேட்காமலிருப்பதுதான் மரியாதை. ரெனாத்தாவும் எழுந்து கதவைக் காட்டியிருப்பாள். அதற்குள் பெர்லா ஒரு கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். அக்கா ஹில்டேயின் கையெழுத்து.

"எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இனி எழுதாதீர்கள். தேநீர்க் கடைக்கும் போகாதீர்கள். என் தங்கைக்கு எதுவும் தெரியாது."

கடைசி வரியை ரெனாத்தா மூன்று முறை படித்தாள். அப்பாவைப் பற்றி அந்த அம்மாள் சொன்னது அவள் காதுக்குள் இன்னும் சரியாக இறங்கவில்லை. இந்த வரி மட்டும் நேராக உள்ளே போய்த் தைத்தது. தங்கைக்குத் தெரியாது. அப்படியானால் அக்காவுக்குத் தெரியும்.

"நீங்க கெளம்புங்க டீச்சர்" என்றாள். "எங்க தங்கியிருக்கீங்கன்னு மட்டும் எழுதி வெச்சிட்டுப் போங்க."

பக்கவாதம் வந்து கிடந்த அப்பாவைச் சாகும்வரை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டவள் ரெனாத்தா. குளிப்பாட்டியது, சவரம் செய்தது, கஞ்சி ஊட்டியது எல்லாம் அவள். ஹில்டே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவாள், நகம் அழுக்காகாமல். அவள் காலடிச் சத்தம் கேட்டதுமே கிழவரின் முகம் வாசல் பக்கம் திரும்பும். நல்ல உடம்போடு இருந்த காலத்திலும் அப்படித்தான். ஞாயிறுதோறும் அப்பாவும் அக்காவும் ஏரிக்கரையில் நடக்கப் போவார்கள். தானும் வருவேன் என்று சின்ன வயசில் ரெனாத்தா அடம்பிடித்தால், "உனக்குக் குளிரும்" என்பார். இரண்டு பேரும் ஜெர்மனில் தணிந்த குரலில் பேசுவார்கள். அவளுக்கு அந்த மொழியில் சாப்பாட்டுப் பேச்சுக்கு மேல் கற்றுத்தரவில்லை. "நீ இங்க பொறந்தவ, உனக்கெதுக்கு?" என்று தலையைத் தடவிவிட்டுப் போய்விடுவார். நாற்பத்தைந்து வயதிலும் அந்தத் தடவல் அவளுக்கு எரிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஹில்டே தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சிக்குப் போவாள். அக்கா வீட்டின் மாற்றுச் சாவி ரெனாத்தாவிடம் இருந்தது. அலமாரி, கட்டிலடி, சமையலறை என்று தேடி, கடைசியில் தையல் மெஷினின் மரப்பெட்டிக்குள் ஒரு துணிப்பையைக் கண்டெடுத்தாள். அதில் அப்பாவின் பழைய அடையாளப் புத்தகம் இருந்தது. இளைஞர், சீருடை, அவளுக்குத் தெரியாத பெயர். நெருக்கமான பழைய ஜெர்மன் எழுத்தில் ஒரு குறிப்பேடும் இருந்தது. ஒரு எழுத்துக்கூட அவளுக்குப் பிடிபடவில்லை. அதன் அடியில் ஒரு கட்டு வாழ்த்து அட்டைகள், அக்கா அப்பாவுக்கு எழுதியவை. அவற்றை அவளால் படிக்க முடிந்தது. பிறந்தநாள் வாழ்த்துகள் அப்பா. மார்ச் ஒன்பது. வருஷா வருஷம், ஒன்று விடாமல் முப்பத்தைந்து அட்டைகள்.

செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி அப்பாவின் பிறந்தநாள் என்று ரெனாத்தா பன்னிரண்டு வயதிலிருந்து கேக் சுட்டுக்கொண்டிருந்தாள். அவர் மெழுகுவர்த்தி ஊதுவார், கைதட்டுவார், இரண்டாவது துண்டும் கேட்பார். எதிரே உட்கார்ந்து ஹில்டேயும் தின்பாள். இரண்டு பேரும் தெரிந்தே.

அவள் அழவில்லை. பையை மேல்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நேராக பெர்லாவின் விடுதிக்குப் போனாள். படிக்கக்கூட முடியாத அந்தக் குறிப்பேட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அக்காவிடம் அது இருக்கக்கூடாது. அவ்வளவுதான்.

பெர்லா அடையாளப் புத்தகத்தைத் திறந்து, பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"ஏன் குடுக்கறீங்க?" என்று கடைசியில் கேட்டாள்.

"அப்பா அவகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்காரு, டீச்சர்."

பெர்லா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் பத்திரிகையில் செய்தி வந்தது. 'துணிச்சலான மகள்' என்று தலைப்புப் போட்டு ரெனாத்தாவின் படம். மலையேறுவோர் சங்கத்தில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்கள். பழைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் எதிர்ச்சாரியில் போனார்கள். விறகு போடுகிற சிரிலோ மட்டும் வழக்கம்போல வந்தான்.

"பேப்பர்ல படம் நல்லா விழுந்திருக்கு சீமாட்டி. இனிமே விறகு போட்டா கையெழுத்து வாங்கிட்டுப் போகணும் போலிருக்கு."

"அடுக்கிட்டுப் போடா. வாயப் பாரு."

"எங்க மாமன் உங்கப்பாகிட்ட பதினாலு வருஷம் வேலை பாத்தான். ஒரு நாள் அடிச்சதில்லன்னு சொல்லிட்டே இருக்கான். யாரு என்ன கேட்டாலும் அதையேதான் சொல்றான், பாவம்."

ஹில்டே வந்தது அன்று மத்தியானம். கடையில் யாருமில்லை. கோட்டைக் கழற்றாமல் நின்றாள்.

"திருடிட்டுப் போயிருக்க."

"நீ முப்பத்தஞ்சு வருஷமா திருடின. உனக்கு மட்டும் அப்பாவா? நெஜப் பொறந்தநாளு உனக்கு, பொய்ப் பொறந்தநாளு எனக்கு. நான் என்ன, சமையக்காரியா?"

ஹில்டே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழம நடக்கப் போவோமே, என்ன பேசினோம்னு நெனச்ச? கப்பல் ஏறினப்ப எனக்கு ஒம்பது வயசு. பழைய பேரு, பழைய வீடு, எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. அதான் அவருக்குப் பயம். உன் பேரென்ன, எங்க பொறந்த, அப்பா யுத்தத்துல என்ன பண்ணாருன்னு வாராவாரம் ஒப்பிக்கணும். தப்பாச் சொன்னா திரும்பவும் முதல்லேர்ந்து. அந்த அட்டைகூட அவர் சொல்லித்தான் எழுதினேன். வருஷத்துல ஒரு நாளாவது நிஜமா இருக்கணும்னாரு."

"அப்பவும் உன்கூடத்தானே நடந்தாரு" என்றாள் ரெனாத்தா. அவளுக்கே அது அற்பமாகப் பட்டது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஹில்டே அவளை வெறித்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். வாசலில் திரும்பி, "அந்த நோட்டை யாராவது ஸ்பானிஷ்ல எழுதிக் குடுத்தா, நீ படிக்காத" என்றாள்.

இப்போதும் அப்பாவைத் தனக்கென்றே பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுதான் ரெனாத்தாவுக்குத் தோன்றியது.

அங்கே குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதம் பெர்லா மொழிபெயர்ப்பை அனுப்பினாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ரெனாத்தா கடையை மூடாமல், கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே படித்தாள். வானிலை, ரொட்டி அளவு, பல்வலி. நடுவே தேதிகளும் எண்களும். முதலில் விளங்கவில்லை, பிறகு விளங்கியது. ஆண்கள் இத்தனை. பெண்கள் இத்தனை. குழந்தைகள் இத்தனை. அக்டோபர் பதினான்காம் தேதிக்குக் கீழே இரண்டு வரி: "மதியத்துக்குள் முடிந்தது. குட்டி ஹில்டேக்கு ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு எடுத்து வைத்தேன், கிட்டத்தட்டப் புதியது. அளவு சரியாக இருக்கும்."

எனக்கு ஒரு செருப்புகூட அவர் வாங்கித் தந்ததில்லையே.

அதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு அந்தச் செருப்பு யார் காலிலிருந்து வந்தது என்று புரிந்தது. தனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதும் புரிந்தது. காகிதத்தை வைத்துவிட்டுக் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். உள்ளே வந்த இரண்டு பயணிகள் பயந்துபோய் வெளியேறினார்கள்.

பனியிலேயே நடந்து அக்கா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த ஹில்டே முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"படிச்சிட்ட."

"நீ எப்பக்கா படிச்ச?"

"இருபது வயசுல. அவரே குடுத்து வெச்சுக்கச் சொன்னாரு. அந்தச் செருப்பு பத்தாமப் போன பிறகும் கழட்ட மாட்டேன்னு நான் அழுவேன், நெனவிருக்கு. முன்னால ஒரு பித்தளை வளையம், அத நானே மாட்டிக்குவேன். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும் ரெனாத்தா."

ரெனாத்தா அக்காவின் கையைப் பிடித்தாள். அம்மா செத்த பிறகு தொட்டதில்லை.

"டீச்சர்கிட்ட நீயே சொல்லிடுக்கா. நான் சொன்னா சரியா வராது."

"நீயும் கூட இருப்பியா?"

"இருக்கேன்."

பனி விலகிப் பாதை திறந்ததும் பெர்லா பேருந்தில் வந்தாள். இருவரையும் அவள் கட்டிக்கொள்ளவில்லை, கைகூடக் குலுக்கவில்லை. ஹில்டேயின் சமையலறையில் உட்கார்ந்து நோட்டுப்புத்தகத்தைத் திறந்தாள். ஹில்டே ஸ்பானிஷில் பேசினாள். பழைய வீடு, கப்பல், ஏரிக்கரை, செருப்பு. செருப்பு வந்தபோது பெர்லாவின் பேனா நின்றது.

"எங்கம்மாவோட அண்ணன் பொண்ணு ஒருத்தி, மூணு வயசு. பேரு ஃபெய்கா. அவ செருப்பான்னு எனக்குத் தெரியாது. தெரியவும் போறதில்ல. மேல சொல்லுங்க."

ஹில்டே மேலே சொன்னாள். நான்கு மணி நேரம் ஆயிற்று. ரெனாத்தா அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், மாத்தே மூலிகைத் தேநீர்க் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள், குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.