இருநூற்றுப் பதினான்கு ஈசல்

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், காஹாங்கில் பிரேமலாவின் மோட்டார் சைக்கிள் கழுவும் கடைக்கு, 2025 ஏப்ரல் பதிமூன்றாம் தேதி, முகப்பில் இருநூற்றுப் பதினான்கு ஈசல்கள் ஒட்டிய ஒரு பெரிய சிவப்பு மோட்டார் வந்து சேர்ந்தது. ஈசல்கள் செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இருந்தாலும் மழை விட்ட சாயங்காலங்களில், மணி ஏழே காலானால், அத்தனையும் ஒன்றாகச் சிறகடிக்கும். ஐந்து நிமிடம் அடித்துவிட்டு அடங்கிவிடும். அந்த ஐந்து நிமிடமும் மோட்டார் தானாக இடது பக்கம், ரோட்டோரத்தைப் பார்த்துச் சாயும். இரண்டு ஆள் சேர்ந்து பிடித்தாலும் நிமிராது.

மோட்டாரின் சொந்தக்காரர் ரூபேந்திரன், தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்க்கும் மேற்பார்வையாளர். ஈசல்களை எண்ணியதும் அவர்தான், எண்ணுவதுதானே உத்தியோகம். மனிதர் சும்மா இருக்கவில்லை. தெப்ராவில் நான்கு கடை, கெலாங் பாத்தாவில் இரண்டு கடை என்று ஏறி இறங்கினார். மண்ணெண்ணெய், ஷாம்பு, பற்பசை, எலுமிச்சைச் சாறு, சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த ஏதோ ஒரு நுரை, எல்லாம் பூசிப் பார்த்தாயிற்று. சுரண்டச் சொன்னார்; பெயிண்ட் உரிந்ததே தவிர பூச்சி உரியவில்லை. மறுபடி பெயிண்ட் அடித்தார். பெயிண்டுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டன. கடைசியில் முகப்பையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வரவழைத்தார். பெட்டியைப் பிரித்தபோது பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருநூற்றுப் பதினான்கும் இருந்தன. விற்றுவிடலாம் என்றால், வாங்க வந்தவர்கள் ஏழே கால் வரைக்கும் பேரம் பேசிவிட்டு அதற்கப்புறம் ஹெல்மெட்டைக்கூட எடுக்காமல் ஓடினார்கள். சில பேர் அப்படித்தான். மனசில் கறை இருந்தால் நன்றாகத் தூங்குவார்கள், மோட்டாரில் இருந்தால் தூக்கம் வராது.

பூச்சி எடுப்பதில் பிரேமலாவை மிஞ்ச ஜோகூரில் ஆள் இல்லை என்று யாரோ சொல்லித்தான் வந்தார். அது உண்மையும்கூட. குளுவாங்கிலிருந்து காஹாங் வழியாக மெர்சிங் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். வேகமாக வருகிற மோட்டாரில் பூச்சி அப்பிக்கொள்ளும். வெயிலில் காய்ந்தால் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். மற்ற கடைக்காரர்கள் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, தேய்த்து, கீறல் போட்டு அனுப்புவார்கள். பிரேமலா தேய்க்கவே மாட்டார். தமிழ்ப் பத்திரிகையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, தலைவலிக்குப் பற்றுப் போடுவது மாதிரி முகப்பில் ஒட்டி, இருபது நிமிடம் விட்டுவிடுவார். உரித்தால் பூச்சியும் தாளோடு வந்துவிடும். தலைப்புச் செய்தி, சினிமா, ராசிபலன், எந்தப் பக்கமானாலும் பரவாயில்லை. நினைவஞ்சலிப் பக்கத்தை மட்டும் மோட்டாரில் வைக்க மாட்டார். செத்தவர்கள் படம் போட்ட அந்தத் தாளைக் காலையிலேயே உருவி, மடித்து, கடையின் சாமி மேடைக்குக் கீழே வைத்துவிடுவார். மனுசன் முகத்திலா போய்ப் பூச்சியை வழிப்பது என்பது அவர் கட்சி.

அந்தப் பக்கத்தில் வருடத்துக்கு ஒரு முறை அவருடைய புருசன் மணியத்தின் படமும் வரும். 2022 ஏப்ரல் பதினைந்தாம் தேதி, நோன்பு மாதம். பசார் ரமலான் சந்தையில் கறி அடைத்த முர்தபாக் ரொட்டி வாங்கிக்கொண்டு ரோட்டோரமாக நடந்து வந்த மணியத்தை ஏதோ ஒரு வண்டி அடித்துச் சாக்கடையில் தள்ளிவிட்டுப் போய்விட்டது. நோன்பு திறக்கிற நேரம், ரோட்டில் ஈ காக்கை இல்லை. போலீஸ் தேடியது, பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. அதைக்கூடப் பிரேமலா பொறுத்திருப்பார். ஊர் பேசியதைத்தான் பொறுக்க முடியவில்லை. மூலை காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த நாலு பேர், "மணியந்தானே, தண்ணி போட்டுட்டு டிரேன்ல விழுந்திருப்பான் லா" என்று ஆரம்பித்தார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குள் அதுவே ஊருக்குத் தெரிந்த உண்மையாகிவிட்டது. மணியம் குடித்துக்கொண்டிருந்தது உண்மை. தைப்பூசத்தில் காவடி எடுத்து, குடியை விட்டுப் பதினோரு வருடம் ஆனதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மை ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பிரேமலா மூடிப் பார்த்தார். காப்பிக்கடைக்கே போய்ச் சண்டை போட்டார், ஒருவன் தலையில் அவன் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீரையே கவிழ்த்தார். கோபம் அடங்குவதற்குப் பதில் குழாய்க்குள் இறங்கிவிட்டது. அந்த மூன்று வருடமும் அவர் கடைக் குழாயில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கத்தான் வந்தது. சுடுதண்ணீருக்குப் பூச்சி சீக்கிரம் விடும் என்பதால் வாடிக்கையாளர்கள் அதை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டார்கள்.

சிவப்பு மோட்டாரை ரூபேந்திரன் கடையில் விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார். பிரேமலா இரண்டு நாள் பத்திரிகை ஒட்டினார். ஒவ்வொரு முறை உரித்தபோதும் பூச்சி அப்படியே இருந்தது, தாள்தான் ஓர் எழுத்துகூட இல்லாமல் வெள்ளையாக வந்தது. ஈசல்கள் அச்சைத் தின்றிருந்தன. இருபது வருடத் தொழிலில் முதல் தோல்வி. பிரேமலாவுக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் வந்தது. மூன்றாம் நாள் பதினைந்தாம் தேதி. காலைப் பத்திரிகையில் மணியத்தின் மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி வந்திருந்தது. மீசையும் நெற்றித் திருநீறுமாக அவர் சிரித்துக்கொண்டிருந்த அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். மத்தியானம் நல்ல மழை. மழை விட்டு ஏழு மணி தாண்டி ரூபேந்திரன் வந்து நின்றார்.

"முடியலயாக்கா?" என்று கேட்டார்.

"எப்ப ஒட்டுச்சி தம்பி இது? நாள் தெரிஞ்சாதான் எம்புட்டு ஊற வைக்கணும்னு பாக்கலாம்."

மூன்று வருடமாக எந்தக் கடையிலும் நாளைச் சொல்லாத ஆள். ஆனால் புது மோட்டாருக்குப் பூசை போட்ட கதையைச் சொல்லாமல் எந்தத் தமிழனால் இருக்க முடியும்? "சித்திரை ஒன்னாந்தேதி கோயில்ல பூசை போட்டு எடுத்தேங்க்கா. சந்தனம், குங்குமம், மால, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம், எல்லாம் வச்சி அம்சமா செஞ்சோம். மறுநாளே கூட்டாளிங்களோட மெர்சிங்குக்கு மோட்டார் ரைட். திரும்பி வர்றப்ப, இங்க பக்கத்துலதான், மழை விட்டு ஒரே ஈசல். கண்ணே தெரியல."

"எந்த வருசச் சித்திரை?"

"இருவத்திரண்டு. கோவிட்டுக்கு அப்புறம் மொத ரைட்டு."

நுணலும் தன் வாயால் கெடும். பிரேமலா கையிலிருந்த குழாயைக் கீழே போட்டார். தண்ணீர் தன்பாட்டுக்கு ஆவி பறக்க ஓடியது.

"கண்ணு தெரியாம எத இடிச்ச?"

தம்பி என்ற சொல் அதோடு போய்விட்டது. ரூபேந்திரன் மூன்று வருடமாக உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பழக்கி வைத்திருந்த பதிலை எடுத்தார். "காட்டுப்பன்னிக்கா. குறுக்க வந்திச்சி."

"நின்னு பாத்தியா?"

"கும்பலா போயிட்டிருந்தோம், எப்படி நிக்கிறது. பன்னிதான்."

"பன்னி கையில முர்தபாக் வச்சிருந்திச்சா?"

ரூபேந்திரன் மோட்டார் சாவிக்குக் கை நீட்டினார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது, மணி ஏழே கால். இருநூற்றுப் பதினான்கு ஈசல்களும் சிறகடிக்க ஆரம்பித்தன. மோட்டார் வழக்கம்போல இடது பக்கம் சாய்ந்தது. பிரேமலா உள்ளே போய், சாமி மேடைக்குக் கீழே மடித்து வைத்த தாளை எடுத்து வந்தார். இருபது வருடமாக வைத்திருந்த கட்டுப்பாடு அன்றைக்குப் போனது. தாளைக் கொதிக்கிற சோப்புத் தண்ணீரில் முக்கி, மணியத்தின் முகம் முகப்பின் நடுவில் வருகிற மாதிரி ஒட்டினார். "இருவது நிமிசம். இங்கயே நில்லு," என்றார். இருபது நிமிடமும் ரூபேந்திரன் நின்றார், இருபது நிமிடமும் பிரேமலா பேசினார். சாக்கடையில் கிடந்த செருப்பைப் பற்றி, பிணத்தின் வாயை முகர்ந்து பார்த்த சொந்தக்காரனைப் பற்றி, துக்கம் விசாரிக்க வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு போன பெண்களைப் பற்றி. நீ இடித்ததைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன், அவரைக் குடிகாரனாக்கிவிட்டுப் போனாயே, உன் வாய் எங்கே போயிற்று என்று கேட்டார்.

தாளை உரித்தார். ஒன்று மிச்சமில்லாமல் எல்லா ஈசலும் தாளோடு வந்துவிட்டன. முகப்பு பளபளவென்று இருந்தது. நடுவில் மணியத்தின் முகம் அச்சாகப் பதிந்திருந்தது, கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இடம் வலம் மாறி, அதே மீசை, அதே திருநீறு. சிரிப்பு மட்டும் இல்லை. ரூபேந்திரன் சட்டைக் கையால் துடைத்தார். நகத்தால் சுரண்டினார்.

"அக்கா, இத எடுத்துருங்க. என்ன கேட்டாலும் தரேன்."

"பூச்சி எடுக்கறது என் வேல. எடுத்துட்டேன். இது பூச்சி இல்ல."

ரூபேந்திரன் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போனார். ஈசல் ஒட்டிய ஈரத் தாளைக் கையில் பிடித்தபடி பிரேமலா பின்னாலேயே நடந்தார். மோட்டார் வெகுதூரம் போகவில்லை. மூலை காப்பிக்கடைக்கு எதிரே சிவப்பு விளக்கு. கடை வாசலில் அதே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வருடத்தில் நாற்காலிகூட மாறவில்லை. ஒருவன் எழுந்து வந்து முகப்பைக் குனிந்து பார்த்தான். "அலமாக், இது நம்ம மணியம் மாதிரில்ல இருக்கு. தண்ணி போட்டுட்டு டிரேன்ல விழுந்து செத்தானே, அவன்."

விளக்கு பச்சையானது. ரூபேந்திரன் போயிருக்கலாம். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக்கூடப் போயிருக்கலாம். பின்னால் வந்த லாரி இரண்டு முறை ஹார்ன் அடித்தது. அவர் எஞ்சினை அணைத்து ஹெல்மெட்டைக் கழற்றினார். "இவரு குடிக்கல. நான்தான் இடிச்சேன். பன்னி இல்ல, மனுசன். தெரிஞ்சுதான் நிக்காம போனேன்," என்றார்.

பிரேமலா அவரைப் பார்க்கவே இல்லை. நேராகக் கடை வாசலுக்குப் போய், அந்த நாலு பேரையும் ஒவ்வொருவராக எழுந்து நிற்க வைத்து, மணியம் குடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தார். மூன்றாவது ஆள் முணுமுணுத்தான். அவனை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அதற்குள் லாரிக்காரர், கறிவேப்பிலை வாங்க வந்தவர்கள், பள்ளிவாசலிலிருந்து திரும்பியவர்கள் என்று கூட்டம் கூடிவிட்டதால் எல்லோருமே கேட்டார்கள். அப்புறம்தான் பிரேமலாவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ரூபேந்திரனைப் போலீஸ் நிலையம் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போனார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. மோட்டார் சாட்சிப் பொருள் என்று போலீஸ் நிலைய வளாகத்தில் கம்பி வேலியோரம் நிற்கிறது. இரண்டு மழைக்காலம் பார்த்தும் முகம் மங்கவில்லை. அது எப்படிப் பதிந்தது என்று விசாரணை அதிகாரி அறிக்கையில் ஒரு வரி எழுதினார்: பத்திரிகை மூலம். திங்கட்கிழமை பிரேமலாவின் கடைக்கு விடுமுறை. அன்று காலை அங்கே போவார். முதல் சில வாரம் பேசாமல் நின்றுவிட்டு வந்தார். மூன்று வருடமும் புருசனுக்காக ஊரோடு சண்டை போட்டே போய்விட்டது, அந்த மனிதரோடு சண்டை போட நேரம் கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆரம்பித்தார்.

"எத்தன தடவ சொன்னேன், இருட்டுற நேரத்துல கறுப்புச் சட்ட போட்டுக்கிட்டு ரோட்ல நடக்காதீங்கன்னு. வீட்ல சோறு இல்லயா? ஒரு நாளைக்கு முர்தபாக் திங்கலன்னா செத்தா போயிருவீங்க?"

அவர் திட்டும்போது மணியம் முகத்தை லேசாக அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார், முடித்ததும் மறுபடி நேராகப் பார்க்கிறார். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். போலீஸ்காரர்கள் முதலில் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இப்போது பார்ப்பதில்லை. திங்கட்கிழமையானால் மோட்டாருக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.