டாக்டரின் நாலு ஸ்பீக்கர் பெட்டி

பல் டாக்டருக்கு ஆறு நாள் ஒரு முகம், ஏழாம் நாள் வேறு முகம். வாரம் முழுக்க வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, "பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று கொஞ்சிக் கொஞ்சிப் பேசுகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை கிதாரைத் தோளில் மாட்டினால் ஆளே மாறிப்போவார். தாலாட்டா வாசிக்கிறார்? சுருதியை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கிக் கட்டிய தடித்த கம்பிகள். அவற்றை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு 'ஜுக் ஜுக்' என்று அறைவார். எதிர்ச்சுவர் எழுந்து வந்து மோதுகிற மாதிரி இருக்கும். ஹெவி மெட்டல் என்றால் சும்மாவா!

அந்தச் சத்தம் வெளியே வருவது ஒரு பெட்டி வழியாக. கறுப்புப் பெட்டி, முன்பக்கம் வலைத்துணி, உள்ளே பெரிய தட்டு அளவில் நாலு ஸ்பீக்கர். உயரம் டாக்டரின் இடுப்பு வரைதான், ஆனால் தூக்கிப் பார்த்தால் தெரியும் சேதி. கல்யாணமான வருஷம் வீட்டுக்குள் வந்தது. பதினாறு வருஷமாக, கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் கீழறையில், யாருக்கும் நகராமல் உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் அதைத் தினமும் துடைப்பார். தன் காரை அவர் துடைத்து யாரும் பார்த்ததில்லை.

இப்போது அதற்குத்தான் வேட்டு. மாமனாருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி, இனி மகள் வீட்டில்தான் இருக்கப்போகிறார். படி ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கீழே இருப்பதோ கிளினிக், நோயாளிகள் காத்திருக்கும் ஹால், அப்புறம் அந்த ஒரே அறை. கட்டில் போட்டால் பெட்டிக்கு இடமில்லை, பெட்டி இருந்தால் கட்டிலுக்கு இடமில்லை. டாக்டர் டேப்பை வைத்து மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டார். அறை வளரவில்லை.

"அடுத்த மாசம் எங்க குழுவோட ஆல்பம் ரெக்கார்டிங். பெட்டி இல்லாம எப்படி?" என்று டாக்டர் மனைவியிடம் முறையிட்டார்.

"பெட்டி எதுக்கு அத்தான்?" என்று நடுவில் புகுந்தாள் மச்சினி. அவள் ஒலிப்பதிவு இன்ஜினியர். ஆல்பத்தைப் பதிவு செய்யப்போவதும் அவள்தான். "பெட்டிக்கு முன்னாடி மைக்கை வச்சு, அரை அங்குலம் இடது, கால் அங்குலம் வலதுன்னு நாள் பூரா நகர்த்தற காலமெல்லாம் போச்சு. ஸ்பீக்கர் பண்ற வேலையைக் கம்ப்யூட்டரே பண்ணும். உங்க பெட்டியோட சத்தத்தையே அச்செடுத்துத் தர்றேன். அப்புறம் பெட்டி எதுக்கு?"

"போட்டோவைப் பார்த்தா பசி தீருமா?"

"வித்தியாசம் கண்டுபிடிச்சிடுவீங்களா?"

"கண்ணைக் கட்டிட்டுச் சொல்வேன்!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அவர் மனைவி அப்படியே பிடித்துக்கொண்டாள். "சரி, ஞாயித்துக்கிழமை காலையில போட்டி. இவ பெட்டியும் கம்ப்யூட்டருமாக் கலந்து பத்துத் துண்டு இசை போடுவா. குறைஞ்சது எட்டு சரியாச் சொன்னா பெட்டி இருக்கட்டும். தேவைன்னா தேவைதானே, அப்பா ஹால்ல படுத்துக்கட்டும். சொல்லலைன்னா, மேடை சாமான் வாடகைக்கு விடறவர் வேனோட வருவார், எடுத்துட்டுப் போகட்டும். வீம்புக்கு மட்டும் வச்சிருக்கக் கூடாது."

"எனக்கு ஹாலே போதும்மா. பல்வலியோட வர்றவங்ககிட்டப் பேசிட்டுப் பொழுதை ஓட்டுவேன்" என்றார் மாமனார். நல்ல மனுஷன். எதைக் கொடுத்தாலும் போதும் என்பார், அதனாலேயே அவருக்கு எல்லாம் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும்.

ஞாயிறு காலை மச்சினி மூட்டை முடிச்சோடு வந்தாள். முதலில் பெட்டிக்கு முன் மைக்கை நிறுத்தி, அடித்தொண்டையிலிருந்து உச்சந்தலை வரை ஏறுகிற 'ஊஊய்ங்' என்ற ஒரு சத்தத்தைப் பெட்டி வழியாக ஓடவிட்டாள். அதை வைத்துக் கம்ப்யூட்டர் பெட்டியின் குணத்தை அச்செடுத்துக்கொண்டது. அப்புறம் டாக்டரை ஒரே ஒரு தடவை வாசிக்கச் சொல்லி, கிதாரின் வெறும் சத்தத்தை மட்டும் பிடித்துவைத்தாள். அந்த வாசிப்பை அதே ஆம்ப்ளிஃபயர் வழியாக ஒரு தடவை பெட்டிக்கும் மைக்குக்கும் அனுப்பினாள், இன்னொரு தடவை கம்ப்யூட்டரில் இருக்கும் அச்சுக்கு அனுப்பினாள். ஆக, கை ஒன்று, வாசிப்பு ஒன்று, கடைசி வழி மட்டும் ரெண்டு.

ஹாலில் டாக்டருக்கு ஹெட்ஃபோனை மாட்டி உட்காரவைத்தார்கள். முதல் துண்டு ஓடியது. "பெட்டி." ரெண்டாவது. "கம்ப்யூட்டர்." மூணாவது. "கம்ப்யூட்டர். போம்மா, வேற நல்லதா இருந்தா போடு!"

பத்துக்குப் பத்து. ஒன்றுகூடத் தப்பவில்லை.

மச்சினியின் முகம் சுண்டைக்காய் வத்தல் ஆகிவிட்டது. "எப்படி அத்தான்? அளந்து பார்த்தேனே, ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு!"

"அடியில ஒரு உறுமல் இருக்கு பாரு, அது உயிர். உன் கம்ப்யூட்டர்ல உயிர் இல்ல. அவ்வளவுதான் விஷயம்" என்று டாக்டர் காலை நீட்டிக்கொண்டு சொன்னார். அவருக்கு வாயெல்லாம் பல். மனைவி பேச்சு மாறாதவள். வேன்காரருக்குப் போன் போட்டு, "வர வேணாம்" என்று சொல்லிவிட்டு, கட்டிலை ஹாலில் எங்கே போடுவது என்று பார்க்கத் தொடங்கினாள்.

டாக்டர் தன் பெட்டியைப் பார்க்கப் போனார். ஜெயித்த குதிரையைத் தட்டிக்கொடுப்பது போல அதன் பக்கவாட்டைத் தட்டிக்கொடுத்தார். ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்சமாகத் திறந்து, ஒரு கையால் தடித்த கம்பியை மீட்டி, இன்னொரு கையைப் பெட்டிமேல் வைத்தார்.

அங்கேதான் வந்தது வினை. அவர் விரல் சாதாரண விரல் இல்லை. வாய்க்குள் விட்டால், எந்தப் பல் ஒரு நூல் ஆடுகிறது என்று சொல்லும் விரல். பெட்டியின் பக்கவாட்டுக் கைப்பிடியில் அது ஒரு ஆட்டத்தைப் பிடித்துவிட்டது. கைப்பிடியை அழுத்தினார், உறுமல் நின்றது. விட்டார், உறுமல் வந்தது. மறுபடி அழுத்தினார், நின்றது.

ஐயய்யோ! உயிராவது மண்ணாவது! கழன்ற ஸ்க்ரூ!

பத்துத் துண்டிலும் அவர் கேட்டது இதைத்தான். பதினாறு வருஷமாக அவர் தலைமேல் தூக்கிவைத்து ஆடியதும் இந்த லொடலொடப்பைத்தான். மெல்ல எட்டிப் பார்த்தார். வீட்டில் யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் தெரியவும் போவதில்லை. இப்படியே விட்டுவிட்டால், இன்னும் நூறு போட்டி வைத்தாலும் அவர்தான் ஜெயிப்பார்.

ஹாலில் மாமனார் தன் தலையணையை எடுத்து, நோயாளிகள் உட்காரும் நீள இருக்கையில் வைத்து, படுத்தால் கால் எங்கே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கால் கிளினிக் கதவில் இடித்தது. கொஞ்சம் மடக்கிக்கொண்டார். ஆபரேஷன் ஆன கால்! டாக்டர் பார்த்ததைக் கண்டதும், "வசதியாத்தான் இருக்கு மாப்பிள்ளை" என்று சிரித்தார்.

அதற்கு மேல் டாக்டரால் தாங்க முடியவில்லை. போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து ஸ்க்ரூவை முடுக்கினார். முடுக்கும்போதே அழுகை முட்டியது. முடுக்கிவிட்டு மச்சினியைக் கூப்பிட்டார், "நான் ஜெயிச்சது செல்லாது. இன்னொரு தடவை வை."

"என்னாச்சு?"

சொன்னார். மச்சினி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அதான! அச்சு பெட்டியோட நிலையான குணத்தைத்தான் பிடிக்கும் அத்தான். இஷ்டத்துக்கு ஆடற ஸ்க்ரூ அதுல விழாது. என் வேலையிலதான் கோளாறுன்னு இவ்வளவு நேரமா நொந்துபோய் உட்கார்ந்திருக்கேன்!"

மறுபடி பெட்டி வழியாக அனுப்பி, மறுபடி பத்துத் துண்டு. இந்தத் தடவை டாக்டர் காலை நீட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றையும் ரெண்டு தடவை, மூணு தடவை போடச் சொல்லிக் கேட்டார். எல்லாமே அவர் பெட்டி மாதிரியே இருந்தன. ஏமாற்றவேண்டும் என்று ஒரு துளி ஆசைகூட இப்போது இல்லை, உண்மையாகவே கண்டுபிடிக்கவேண்டும் என்றுதான் பாடுபட்டார்.

பத்துக்கு நாலு.

"காசைச் சுண்டிப் போட்டிருந்தாக்கூட அஞ்சு வந்திருக்குமே அத்தான்" என்றாள் மச்சினி. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"வேன்காரரை வரச் சொல்லிடு" என்று டாக்டர் மனைவியிடம் சொன்னார். "வருத்தமாத்தான் இருக்கு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா கட்டிலை அந்த அறையில போடு."

"நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே" என்றாள் அவள்.

"ஆடற பல்லைப் பார்த்துட்டு நல்லாருக்குன்னு எழுதிக்கொடுக்க எனக்கு வராது."

அவள் வேன்காரருக்குப் போன் பண்ணினாள். நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார். போனை வைத்துவிட்டுத் திரும்பி, "அது போறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுச் சத்தத்துல வாசிங்க" என்றாள்.

டாக்டர் தன் காதையே நம்பாமல் நின்றார். பதினாறு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவரிடம் இதைச் சொன்னதில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் எல்லோரும் கீழறையில் கூடினார்கள். மச்சினி, "ரெக்கார்ட் பண்ணட்டுமா?" என்று கேட்டாள். "வேணாம், ஒயரையெல்லாம் விட்டுட்டு நீயும் வந்து நில்லு" என்றார் டாக்டர். மாமனாருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் அதைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்லி, ரெண்டு உள்ளங்கையையும் பெட்டிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டாக்டர் ஆம்ப்ளிஃபயரின் குமிழைக் கடைசி வரை திருகிவிட்டு அடித்தார்.

ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கிளினிக்கில் கருவிகள் தட்டோடு சேர்ந்து ஆடின. தரை வழியாக ஏறி, செருப்பு வழியாக, எலும்பு வழியாக வந்தது சத்தம். ஹெட்ஃபோனில் பத்துத் துண்டு என்ன, பத்தாயிரம் துண்டு கேட்டாலும் இப்படி வராது. மைக்கிலும் வராது, அச்சிலும் வராது. மாமனார் கண்ணை அகல விரித்து, "மாப்பிள்ளை, நெஞ்சைப் பிடிச்சு உலுக்குது!" என்று குழந்தை மாதிரி கத்தினார். மச்சினி தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினாள். டாக்டருக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை ஏது? ரெண்டு கையும் கிதாரில் இருந்தன. அவர் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே அடித்தார்.

பாட்டு முடிந்தபோது வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. வேன்காரர் எத்தனை நேரமாக அடித்துக்கொண்டிருந்தாரோ பாவம்.

டாக்டரின் மனைவி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணே, ஒரு கால் மணி நேரம் நில்லுங்க" என்று வேன்காரரிடம் சொல்லிவிட்டு, ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் போய், தானும் பெட்டிமேல் ரெண்டு கையையும் வைத்தாள்.

"இன்னொண்ணு வாசிங்க" என்றாள்.