முனிரத்தினம் பக்கம் இழுத்த ஜீப்புகள்

மேற்குத் தாம்பரத்தில் சவுரிமுத்து உயரம் தூக்கிக் கொடுத்த பதினேழு ஜீப்புகளும், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தால், எந்த ஊரில் ஓடினாலும் முனிரத்தினம் இருக்கும் திசைக்கே இழுத்தன. இது ஊரறிந்த விஷயம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கிழக்குத் தாம்பரத்துக்காரர்களுக்கே தெரியும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருவரும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் பத்து வருஷம் ஒரே ஸ்பேனர் பெட்டியைப் பங்குபோட்டவர்கள். எண்பத்திரண்டில் வெளியே வந்து முடிச்சூர் ரோட்டில் எதிரெதிரே ஷெட் போட்டார்கள். எதிரெதிரே போட்டதுதான் வினை. அப்போது பட்டாளத்து ஏலத்தில் பழைய ஜீப்புகள் நிறைய வந்தன. கல் குவாரிக்காரர்களும் உப்பளக்காரர்களும் அதை வாங்கி, மேடு பள்ளத்தில் வயிறு தட்டாமல் இருக்க நாலு அங்குலம் தூக்கச் சொல்வார்கள். ஸ்பிரிங் பட்டை இரண்டு கூடச் சேர்த்தால் வண்டி உயர்ந்துவிடும், அதை எவனும் செய்வான். உயர்ந்த பிறகுதான் பேஜார். முன் ஆக்சில் தன் சாய்மானத்தை விட்டுவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் திருப்பிய இடத்திலேயே மாடு மாதிரி நிற்கும், நேருக்குத் திரும்பாது. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வைத்து அந்தச் சாய்மானத்தை மீட்க வேண்டும். ஆக்சில் இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று அளக்கவும் வேண்டும். ஒரு பக்கம் கால் அங்குலம் பின்வாங்கினாலும் வண்டி அந்தப் பக்கம்தான் இழுக்கும்.

சவுரிமுத்து இதை நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, குறுக்கும் நெடுக்கும் மூன்று முறை அளப்பான். அரை நாள் ஆகும். முனிரத்தினம் பீடியும் கையுமாக வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பான், ஒரு கண்ணை மூடிப் பார்ப்பான், ஆப்பை இரண்டு தட்டுத் தட்டுவான், முடிந்தது. அந்த வண்டி செங்கல்பட்டு வரைக்கும் கையை விட்டாலும் கோடு போட்ட மாதிரி போகும். கூட்டம் எங்கே போகும்? அங்கேதான் போனது. சவுரிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. அதை அவன் மறைக்கவும் இல்லை. சொந்த மச்சான் அந்தோணிசாமி ஒரு ஜீப் வாங்கி, இவன் ஷெட் வாசலில் ஹாரன் அடித்து வணக்கம் சொல்லிவிட்டு, நேரே எதிர் ஷெட்டுக்குள் ஓட்டிப்போன அன்று சவுரிமுத்து மத்தியானம் சாப்பிடவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வேலையில் முனிரத்தினத்தைவிட நீ ஒரு படி மேல் என்று யாராவது ஒருத்தர் வாயால் சொல்ல வேண்டும். பதினான்கு வருஷத்தில் யாரும் சொல்லவில்லை.

தப்பு அளவில் இல்லை, போல்ட்டை இறுக்குவதில் இருந்தது. அளவெல்லாம் சரியாக எடுத்துவிட்டு, ஆக்சிலைப் பிடிக்கும் யூ போல்ட்டை இறுக்கும்போது அவன் கண் எதிர் ஷெட்டில் இருக்கும். அங்கே எத்தனை வண்டி நிற்கிறது, யார் சிரிக்கிறார்கள், யாருக்கு டீ வருகிறது என்று எண்ணிக்கொண்டே இறுக்குவான். அந்த எரிச்சல் ஸ்பேனர் வழியாக இறங்கிவிட்டது. திரிசூலத்துக் குவாரிக்காரர் குப்புராஜ், வண்டி போகும்போது இடது பக்கமும் வரும்போது வலது பக்கமும் இழுக்கிறது என்று வந்து கத்தினார். காற்றைப் பார்த்தார்கள், டயரை மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ரயில்வேயில் படம் வரைகிற சுந்தரராமன் நாலு ஜீப்புகள் எங்கெங்கே எந்தப் பக்கம் இழுக்கின்றன என்று மேப்பில் கோடு போட்டார். நாலு கோடும் முனிரத்தினம் ஷெட்டில் வெட்டிக்கொண்டன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போட்ட கோடுகள் கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெட்டிக்கொண்டன. அன்றைக்கு முனிரத்தினம் அங்கே பந்தியில் உட்கார்ந்திருந்தான். சுந்தரராமன் மேப்பை மடித்து வைத்துவிட்டு மறுநாள் ஆபீசுக்குப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. முனிரத்தினம் ஷெட்டில் தங்குகிற ஆள் இல்லை, வேலை வேலை என்று ஊர் சுற்றுவான். அவசரமாக அவன் வேண்டும் என்றால் ஜனங்கள் சவுரிமுத்து செட் பண்ணிய வண்டியில் ஏறி, கையை விட்டுப் பார்த்து, அது இழுத்த பக்கம் போய் அவனைப் பிடித்தார்கள். அதற்காகவே இரண்டு பேர் சவுரிமுத்துவிடம் கொடுத்து வண்டியை உயரம் தூக்கிக்கொண்டார்கள். எதிரி இருக்கும் திசையைக் காட்டுவதே தன் தொழிலாகிவிட்டதே என்று அவன் பொருமப் பொருமக் கடைசி வண்டிகள் முதல் வண்டிகளைவிட நன்றாக இழுத்தன.

தொண்ணூற்றாறாம் வருஷத்து மழையில் முனிரத்தினம் கேளம்பாக்கம் பக்கம் தண்ணீரில் மாட்டிய லாரியை இழுக்கப் போனான். இரண்டு நாள் ஆகியும் திரும்பவில்லை. அவன் ஜீப் மட்டும் ஒரு ஓடையில் கவிழ்ந்து கிடந்தது. மூன்றாம் நாள் காலை அவன் பெண்சாதி கிளியம்மாள் நனைந்த புடவையோடு ரோட்டைத் தாண்டி வந்தாள். பதினான்கு வருஷத்தில் அவள் இந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணா, ஒங்க வண்டிய எடுங்கண்ணா. அது அவர் கிட்ட போவும்" என்றாள்.

சவுரிமுத்து தானே செட் பண்ணி வைத்திருந்த தன் ஜீப்பை உடனே எடுத்தான். பக்கத்தில் அவன் மனைவி ஞானம்மாள் ஏறினாள், கிளியம்மாள் பின்னால் ஏறினாள். வண்டலூர் தாண்டி ஸ்டியரிங்கை விட்டான். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, தேமே என்று நேராகப் போனது. சவுரிமுத்து ஆள் போய்விட்டான் என்றுதான் நினைத்தான். ஞானம்மாளுக்குத்தான் விஷயம் புரிந்தது.

"நீ பாவம் பாத்துகினு கீறே. அப்புறம் எப்பிடி இழுக்கும்?" என்றாள்.

உண்மைதான். கிளியம்மாளின் முகத்தைப் பார்த்ததிலிருந்து அவன் மனசில் பொறாமை பொட்டு அளவும் இல்லை. பொறாமை இல்லாவிட்டால் முனிரத்தினம் கிடைக்கமாட்டான். உடனே ஞானம்மாள் எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தாள். அந்தோணிசாமி ஹாரன் அடித்ததைச் சொன்னாள். மாதா கோயில் தேருக்கு அச்சு சரிபார்க்க, ஞாயிறு தவறாமல் பூசைக்கு வரும் இவனை விட்டுவிட்டு, முனிரத்தினத்தைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியதைச் சொன்னாள். ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் அசைந்தது. போதவில்லை. பின்னாலிருந்து கிளியம்மாள் தயங்கித் தயங்கி, "அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க நூலு கட்டி அளக்கறத அவரு வூட்ல செஞ்சி காட்டுவாரு. நாங்கல்லாம் வுயுந்து வுயுந்து சிரிப்போம்" என்றாள்.

ஸ்டியரிங் சவுரிமுத்துவின் கட்டை விரலைத் தட்டிவிட்டுச் சுழன்றது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி, முழங்கால் தண்ணீரில் மேடும் புதரும் தாண்டி, ஒரு மைல் தானாகவே போய் ஓர் உப்புக் கிடங்கின் சுவரில் மெல்ல முட்டி நின்றது. உள்ளே உப்பு மூட்டைகளின் மேல் முனிரத்தினம் கணுக்கால் வீங்கிக் கிடந்தான். இவனைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"நீ வருவேன்னு தெரியும் மச்சான். காலைல எழுந்து மொத நெனப்பா என்னை நெனைக்கிறவன் இந்த ஒலகத்துல நீ ஒருத்தன்தான்."

சவுரிமுத்துவுக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. கால் வீங்கிக் கிடக்கும்போதும் சரியான வார்த்தை இவனுக்குத்தான் வருகிறது என்று இருந்தது.

தூக்கிக்கொண்டு வந்து இடது பக்க சீட்டில் உட்கார வைத்தார்கள். ஜீப் இடது பக்கமாக வட்டம் போட்டது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தும் கேட்கவில்லை, நாலு சுற்றுச் சுற்றியது. பின் சீட்டுக்கு மாற்றினார்கள். மூக்கைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமே போகப் பார்த்தது. முனிரத்தினம்தான் ஒரு கண்ணை மூடி யோசித்துவிட்டு, தன்னை முன்னால் பானட் மேல் ஏற்றச் சொன்னான். ஏற்றினார்கள். வண்டி நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. வளைவு வந்தால் அவன் அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான், வண்டியும் திரும்பியது.

அப்படியே பட்டப்பகலில் தாம்பரம் பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தார்கள். மழை விட்டிருந்ததால் கூட்டம் ஜாஸ்தி. இறந்துவிட்டான் என்று நினைத்த ஆள் பானட் மேல் உட்கார்ந்து வருவதைப் பார்த்து ஜனங்கள் கை தட்டினார்கள், பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். முனிரத்தினம் எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு வந்தான். பின்னால் யார் ஓட்டுகிறார்கள் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. சவுரிமுத்துவுக்கு வயிறு பற்றி எரிந்தது, வண்டி முடிச்சூர் ரோடு வரைக்கும் அருமையாகப் போனது.