குலுக்கினாளா என்று எழுதவில்லை

1.
மறைப்பானேன், இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் உருளையிலிருந்து பிறந்தது. வயிற்றை ஸ்கேன் எடுக்கப் போனேன். எனக்கு முன்பே அது மேசையில் சாவகாசமாகப் படுத்திருந்தது, உள்ளே வரிசையாகக் குழாய்களுடன்.

"இது யாரும்மா?"

டெக்னீஷியன் சிரித்தாள். "பேன்டம் சார். நோயாளிக்குப் பதிலா படுக்கும். படத்துல பளிச்சுன்னு தெரியறதுக்கான கான்ட்ராஸ்ட் மருந்து உள்ள எவ்வளவுன்னு நமக்குத் தெரியும். எல்லா மெஷினும் ஒரே மாதிரி காட்டுதான்னு இத வெச்சுதான் பாப்போம்."

2.
'அவள் பேன்டத்தைத் தூக்கியபோது வானம் இருண்டு...' (வேண்டாம். ஸ்கேன் அறைக்கு ஜன்னலே கிடையாது.)

சரி, கதையில் அவளுக்கு ஓர் அக்கா. அக்காவுக்கு ஈரலில் கட்டி.* சிகிச்சை நடக்கிறது. உயிரோடிருக்கும் கட்டி கான்ட்ராஸ்டைக் குடித்துப் படத்தில் பளிச்சிடும். போன முறை பழைய மெஷினில் மங்கலாக இருந்தது, இந்த முறை புது மெஷினில் பளிச்சிடுகிறது.

"மருந்து கேக்கல போல. கடுமையானதுக்கு மாத்திடலாம்" என்றார் டாக்டர்.

"அக்கா உடம்பு தாங்காது டாக்டர். புது மெஷினே தூக்கலா காட்டுதோ என்னவோ. பேன்டம் வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

* கட்டி என்று எழுதும்போதெல்லாம் என் கை வயிற்றைத் தடவுகிறது. கதைக்கு இது தேவையில்லை.

3.
அவள் குழாய்களில் தண்ணீரும் கான்ட்ராஸ்டும் நிரப்பினாள். பழைய மெஷினில் வைத்தாள்: மங்கல். ட்ராலியில் ஏற்றி, மேடுபள்ளமான நடைபாதையில் தடதடவென்று அடுத்த கட்டடத்துக்குத் தள்ளிப்போய்ப் புது மெஷினில் வைத்தாள்: பளிச்.

உடனே போன். "அக்கா, பயப்படாத. வித்தியாசம் கட்டியில இல்ல, மெஷின்லதான்!"

அக்கா வாய்விட்டு அழுதாள். (எனக்கும் கண் கலங்கியது. இங்கேயே முடித்திருக்கலாம்.)

4.
கெட்ட பழக்கம், எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'நிரப்பினாள்' என்று இருக்கிறது. 'குலுக்கினாள்' என்று இல்லை.

கான்ட்ராஸ்ட் தண்ணீரைவிடக் கனம். குலுக்காவிட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், நடுவில் படம் மங்கலாக விழும். பிறகு ட்ராலி குலுக்கிய குலுக்கலில் தானாகவே கலந்து பளிச்சிட்டிருக்கும். அப்படியானால் மெஷின்மேல் பழியில்லை. பழி கட்டிமேல்தான்.

நான் எழுத மறந்தேனா, அவள் குலுக்க மறந்தாளா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவளும் சிங்க் அருகே நின்று இதையேதான் யோசிக்கிறாள். கை குலுக்கிய மாதிரியும் இருக்கிறது, அவசரத்தில் விட்ட மாதிரியும் இருக்கிறது. 'குலுக்கினாள்' என்று ஒரு சொல்லைச் செருகிவிட எனக்கு எவ்வளவு நேரமாகும்? செருகினேன். அடித்தேன். பயமாக இருக்கிறது.

5.
இன்று குழாய்களைப் புதிதாக நிரப்பி, கை வலிக்கக் குலுக்கினாள். புது மெஷினில் வைத்தாள், பளிச். இப்போது பழைய மெஷினில் வைத்திருக்கிறாள். இங்கேயும் பளிச்சென்று வந்தால், பழி கட்டிமேல்...

போன் அடிக்கிறது.

"ஏய், நேத்து நீ சொன்னதுக்கப்புறம் நல்லாத் தூங்குனேன்டி. பசிக்கக்கூட செய்யுது. டாக்டர்கிட்ட சொல்லிட்டல்ல?"

"அக்கா, அது வந்து..."

திரையில் படம் வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் தைரியமில்லை. நீங்கள் பாருங்கள். பார்த்துவிட்டு, போனையும் நீங்களே வாங்கிப் பேசுங்கள். அக்கா இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.