தவளைத் தொட்டியில் பாச்சை உருண்டை

2003 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை: ஆரணியை ஒட்டிய சேவூரில், பட்டு நெசவாளர் தசரதன் தன் தவளைத் தொட்டிக்குள் வெள்ளைப் பூச்சிகளைப் பார்த்தார்.

முன்பு மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டி அது. ஆடி மழையில் தறிக்குழிக்குள் ஒரு தவளை வந்து ஒண்டிக்கொண்டது. தறி மிதிக்கும்போது காலில் நசுங்கிவிடுமோ என்று பயந்து, மண்ணும் பாசியும் போட்டு அதைத் தொட்டியில் விட்டிருந்தார். தறியில் அறுந்த பாவு இழைகளைப் பிடித்துப்போடும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பார்வை அங்கேதான்.

எள்ளில் பாதிகூட இல்லாத பூச்சிகள் மண்ணில் துள்ளின. இரண்டு, தவளையின் முதுகிலேயே ஊர்ந்தன. தவளை அசையவில்லை. வலிக்கிறதா, சுகமாக இருக்கிறதா? அதன் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

“பேன் மாதிரி கீதே. ரத்தம் குடிக்குதோ?”

“தவளைக்கு ஏதுய்யா பேனு? கொண்டையா போட்டுகினு கீது?” என்றாள் மனைவி கன்னியம்மா. “நீ பூச்சி எண்ணிகினு இரு. புடவைய தவளை நெய்யும்.”

பக்கத்து வீட்டு வேடியப்பன் உப்பைத் தூவச் சொன்னார். பெட்டிக்கடைக்காரர் எறும்புப் பொடி என்றார். இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை. பூச்சியை விரட்ட அவர் இருபது வருடமாக நம்பியது ஒன்றைத்தான். பீரோவில், நெய்த புடவைகளுக்கு நடுவே துணியில் முடிந்து வைத்திருந்த பாச்சை உருண்டைகளில் நான்கை எடுத்து, தொட்டியின் மூலைக்கு ஒன்றாக வைத்தார். வாடை வெளியே போகாதபடி மேலே பலகையைப் போட்டு மூடினார்.

மறுநாள் காலை ஒரு பூச்சிகூட இல்லை. தவளை மல்லாந்து கிடந்தது. தொட்டபோது ஒரு காலை மட்டும் இழுத்துக்கொண்டது.

ஈரத்துணியில் ஏந்திக்கொண்டு, அடுத்த தெருவில் இருக்கும் விலங்கியல் ஆசிரியை ஜெபராணியிடம் ஓடினார்.

“பாச்சை உருண்டையா? ஐயோ அண்ணா, தவளை தோலாலயும் மூச்சு வுடும்.”

“பூச்சி கடிச்சதால இல்லயா டீச்சர்?”

“அதுங்க கடிக்காது. பூஞ்சணத்த தின்னுகினு, தொட்டிய சுத்தமா வெச்சிகினு இருந்துதுங்க.”

“பட்டுக்கு ஒண்ணும் ஆவலியே?”

“பட்டு மூச்சு வுடுதா? ஜல்தியா போயி நல்ல தண்ணில கழுவுங்க.”

அன்று தறி ஓடவில்லை. கன்னியம்மா குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தசரதன் தண்ணீரை மாற்றி மாற்றித் தவளையை நனைத்தார். நல்லது செய்த பூச்சியைக் கொன்றது எது, தவளையைக் கிடத்தியது எது என்று யோசித்தால், இரண்டுக்கும் தன் கையே முன்னால் வந்து நின்றது.

புதன்கிழமை பகலில் தவளை இறந்தது. அடுத்த திங்கட்கிழமை, உருண்டைகளை மட்டும் எடுத்துவிட்டுக் கொட்டாமல் விட்டிருந்த தொட்டி மண்ணில் வெள்ளைப் பூச்சிகள் மீண்டும் துள்ளின.