இரண்டு குறி குறைச்சல்

என் தம்பிக்கு அலுவலகத்தில் 'சிக்கனம்' என்று பெயர். காசு விஷயத்தில் ஊதாரி, நிரல் எழுதும்போதுதான் கஞ்சன். நாங்கள் இருவரும் எழுதும் கணினி மொழியில் வார்த்தைகள் கிடையாது, குறிகள்தான். ஒரு குறி போட்டால் ஒரு வரிசை எண்கள் முழுவதற்கும் ஒரே மூச்சில் வேலை முடியும். அதில் ஒரு குறியை மிச்சம் பிடித்துவிட்டால் அவனுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

இப்போது கையில் இருப்பது ஆஸ்பத்திரி வேலை. கட்டிலுக்குக் கட்டில் மேலே ஒரு சின்னத் திரை, ஆக்சிஜன் சிலிண்டர் இன்னும் எத்தனை நிமிடம் வரும் என்று காட்டும். காட்டுவதற்கு முன் அந்த எண்ணில் எத்தனை இலக்கம் என்று எண்ணி, அத்தனை கட்டம் போட வேண்டும். எண் தீரும்வரை பத்தால் வகுத்து இலக்கமாகப் பிரி, விழுந்த துண்டுகளை எண்ணு என்று தம்பி ஒரே வரியில் எழுதியிருந்தான். அழகான வரி. பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

இன்று காலை அதை வார்டுத் திரைகளில் ஏற்றிவிட்டு ஆட்டம் போட்டுக்கொண்டு வந்தான்.

"அக்கா, முன்னாடி இருந்த ரெண்டு குறியத் தூக்கிட்டேன். எதுக்குப் போட்டேன்னே ஞாபகம் இல்ல. அது இல்லாமலே ஓடுது."

அந்த வார்டின் கடைசிக் கட்டிலில் இருப்பது எங்கள் அப்பா.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வரிக்கு 7 கொடுத்தேன், 48 கொடுத்தேன், ஒரு வரிசை முழுக்கக் கொட்டினேன். எல்லாம் சரியாக வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

"உனக்குப் பொறாமைக்கா."

பொறாமையும்தான். ஆனால் இந்தக் கஞ்சன் காரணமில்லாமல் இரண்டு குறி செலவழித்திருப்பானா? பூஜ்யத்தைக் கொடுத்துப் பார்த்தேன். இலக்கம் பூஜ்யம் என்றது. பிரிக்க ஒன்றுமில்லை, துண்டே விழவில்லை. எப்படியும் ஒன்றுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்த இரண்டு குறிகளும் இருந்திருக்கின்றன.

"டேய், சிலிண்டர் தீர்ந்தா என்ன காட்டும்?"

"பூஜ்யம்."

"அதுக்கு எத்தனை கட்டம்?"

ஒரு கட்டமும் இல்லாத திரை வெறுமையாக இருக்கும். சிலிண்டர் மாட்டாத கட்டிலின் திரையும் அப்படித்தான் இருக்கும்.

வார்டுக்குப் போன் போட்டேன். நர்ஸ் எடுத்தார்.

"உங்கப்பா கட்டிலா? அதுல ஒண்ணும் காட்டலையே. சிலிண்டரக் கழட்டிட்டாங்கன்னு நெனச்சேன்."

"கழட்டல சிஸ்டர், தீர்ந்துபோச்சு! ஓடிப் போய்ப் பாருங்க!"

போனை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். செருப்புச் சத்தம், இரும்பு உருளும் சத்தம், யாரோ அதட்டும் குரல். தம்பி என் தோளைப் பிடித்திருந்தான், நகம் பதிந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவனை அறையவும் கை துறுதுறுத்தது.

பிறகு இருமல் கேட்டது. எங்கள் வீட்டில் எல்லோரும் சலித்துக்கொள்ளும் அதே இருமல்.

"யாரு போன்ல? பசங்களா? சாப்டாங்களான்னு கேளு."

தம்பி மேசையில் தலையைக் கவிழ்த்து விம்மினான். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு குறிகளையும் பழைய இடத்தில் வைத்து வார்டுக்கு அனுப்பினான். நிரலுக்குள் விளக்கம் எழுதுகிறவர்களைக் கேலி செய்தே வளர்ந்தவன், அந்த வரிக்கு மேலே மெதுவாக எழுதினான்:

'இந்த இரண்டு குறியையும் எடுத்துவிடாதே. கடைசிக் கட்டிலில் அப்பா இருக்கிறார்.'

எத்தனை எழுத்து என்று அவன் எண்ணவில்லை.