ஒயர் வெட்டிய பிரிட்ஜ்

வெள்ளம் வடிந்த மறுநாள் மரிகினா ஆற்றோரத் தெருக்களில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வாசலில் குவித்த சாமான்களைத்தான் பார்ப்பார்கள். மின்விசிறி, குக்கர், மெத்தை எல்லாம் ஒரே சேற்று நிறம். வேண்டாமென்று தள்ளியதையெல்லாம் சாந்தோ வண்டியில் அள்ளிவந்து கடையில் இறக்குவான். பிரித்து வைப்பது அவன் மனைவி பிரிமித்திவாவின் வேலை.

அந்தக் காயலான் கடையில் ஒரு வழக்கம். விற்கத் தகுந்ததைக் கழுவி வெயிலில் நிறுத்துவார்கள். உடைக்க வேண்டியதாக இருந்தால் பிரிமித்திவா அதன் ஒயரை அடியோடு வெட்டிவிடுவாள். வெட்டியபின் பேச்சே கிடையாது.

இந்த முறை ஒரு வெள்ளை பிரிட்ஜால் வம்பு வந்தது. நன்றாகக் காயவைத்து சாந்தோ பிளக்கைச் சொருகினான். உறுமியது; உள்ளே விளக்கும் எரிந்தது. அந்த வெளிச்சத்தை முதலில் கண்டவள் எதிர்வீட்டு லுதிவினா. பிரிமித்திவாவின் மகளுக்கு ஞானத்தாய் அவள். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'மரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். லுதிவினா நீளப் பைகளில் பழச்சாற்றை உறையவைத்துப் பிள்ளைகளுக்கு விற்றுப் பிழைக்கிறவள். அவளுடைய பிரிட்ஜை ஆறு இழுத்துப் போய்விட்டது. பள்ளிக்கூடமோ திறக்கப் போகிறது.

"மரே, இது எனக்கு. வேற யாரும் கண்ணு வைக்கக் கூடாது" என்று கதவைப் பிடித்தவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு சிரித்தாள். "கிள்ளுதுடி, உன் புருஷன் மாதிரி."

பிரிமித்திவா சிரிக்கவில்லை. டெஸ்டரை எடுத்துக் கதவில் வைத்தாள். மினுக்கென்று எரிந்தது. பிளக்கைப் பிடுங்கி, பின்பக்கத்துச் சின்னப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே சேறு களியாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டு நாள் காயட்டும்" என்றான் சாந்தோ.

"ஒயருக்குள்ள போன சேறு எந்த வெயில்ல காயும்?"

"நான் செருப்புப் போட்டுக்கிறேன், மரே" என்றாள் லுதிவினா. "கிழிஞ்ச செருப்புன்னாலும் ரப்பர்தானே."

"நீ போட்டுக்குவ. ஐஸ் வாங்க வர்ற வாண்டுங்க? ஈரக் காலோட ஓடிவந்து இந்தக் கதவைத்தான் புடிப்பாங்க."

"முன்பின் தெரியாதவன் கேட்டிருந்தா வித்திருப்ப."

"யாருக்குமே விக்க மாட்டேன்."

"எனக்கு இது இல்லேன்னா பொழப்பு இல்ல. தெரியும்ல உனக்கு?"

"தெரியும்" என்றாள் பிரிமித்திவா. கட்டிங் பிளேயரை எடுத்து ஒயரை அடியோடு வெட்டினாள். லுதிவினா தெருவைக் கடந்து போய்க் கதவை அடைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு மரே இருந்தா. அவளையும் வெட்டிட்ட" என்றான் சாந்தோ.

"வாயை மூடிக்கிட்டு அந்தக் கம்ப்ரசரைக் கழட்டு."

கம்ப்ரசரும் செம்புக் குழாயும் பழைய இரும்போடு போயின. மிஞ்சிய கூட்டை பிரிமித்திவா சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மல்லாக்கப் படுக்க வைத்தாள். கதவு மேல்மூடி ஆயிற்று. உருகும் தண்ணீர் வெளியேற அடியில் ஒரு துளை போட்டாள். வெயில் சாய்வதற்குள் முடித்தாக வேண்டும் என்று கொலைப் பட்டினி கிடந்தாள், பாவம். பிறகு சாந்தோவோடு சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு போய், அடைத்த கதவைக் காலால் தட்டினாள்.

லுதிவினா எட்டிப் பார்த்தாள். "சவப்பெட்டியா? எனக்கா?"

"உன் மச்சான் ஐஸ்கிரீம் வண்டி தள்ளுனாரே, எந்தக் கரண்டுல உறைஞ்சுது?"

லுதிவினா பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள். "ஐஸ்கட்டியும் கல்லுப்பும்" என்றாள் முணுமுணுப்பாக. மூடியைத் திறந்து விளிம்பின் ரப்பரை விரலால் அழுத்திச் சோதித்தாள். "தினம் காலையில ஐஸ் டிப்போவுக்கு யார் போறது?"

"உன் மரேயோட புருஷன். வண்டி இருக்கே."

சாந்தோ வாயைத் திறந்தான். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

பள்ளி திறந்த அன்று லுதிவினாவின் வாசலில் பிள்ளைகள் மொய்த்தார்கள். எதிரே பிரிமித்திவா ஒரு குக்கரின் ஒயரை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழ வேண்டுமென்றே லுதிவினா குரலை உயர்த்தினாள்:

"வாங்கடா, வாங்க. செருப்பு இல்லாதவங்களும் வரலாம்."